மேல் மூடியை முதலில் திறக்க வேண்டும்

மாணவர்க்கான கட்டுரைப் போட்டி ஒன்றில் நடுவர் மூவருள் ஒருவனாக இருக்கும் வாய்ப்புச் சில ஆண்டுகளுக்கு முன்னர் எனக்குக் கிட்டியது. 'உழைப்பின் உயர்வு' என்பது தலைப்பு. வந்து சேர்ந்த கட்டுரைகளுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போன்றிருந்தன. எறும்பைப் பார் என்று தொடங்கி, தேனீயைப் பார் என்று தொடர்ந்து, உழைப்பே உயர்வு தரும் என்று முடிந்தன. ஒன்று மட்டும் வேறாக இருந்தது. அதை எழுதியவன் ஐந்தாம் படிவ மாணவன். விடுமுறை நாள்களில் தன் தாய்மாமனின் வாகனப் பட்டறையில் வேலை பழகுபவன். செம்பனைத் தோட்டத்துப் பிக்கப் வண்டி ஒன்றின் பின்னச்சில் எண்ணெய் மாற்றப் புகுந்து, அங்கே துருவேறி இறுகிக் கிடந்த மூடியைத் திறக்கத் தாங்கள் பட்ட பாட்டையும், செய்த பிழையையும், கண்ட வழியையும் அவன் எட்டுப் பக்கங்களில் எழுதியிருந்தான்.

அக்கட்டுரைக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆறுதற் பரிசுகூட இல்லை. "இது கட்டுரைப் பொருளா?" என்றார் ஒரு நடுவர். "இதில் தமிழ் எங்கே இருக்கிறது? ஸ்பேனரும் பிளக்கும் அல்லவா இருக்கின்றன?" என்றார் மற்றவர். இருவரும் நான் மதிக்கும் தமிழாசிரியர்கள். நான் இரண்டொரு சொல் மறுத்துப் பேசினேன். பிறகு பெரும்பான்மைக்கு இணங்கிக் கையொப்பமிட்டேன். எறும்பையும் தேனீயையும் பாராட்டிய கட்டுரை முதற்பரிசு பெற்றது. உழைப்பைப் பொதுவாகப் புகழ்ந்து, ஒரு தொழிலின் பெயரைக்கூடச் சொல்லாத கட்டுரைக்குப் பரிசையும், உழைத்தவன் தன் உழைப்பை எழுதிய கட்டுரைக்குப் புறக்கணிப்பையும் தந்துவிட்டு, நாங்கள் தேநீர் அருந்தி வீடு திரும்பினோம். அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்கிறேன்.

முதற்கண் பொருளை விளக்குவேன். ஒரு பொருள் இன்னதென்று அறியாமலே அது கட்டுரைக்குரியதா அன்றா என்று தீர்ப்பளிப்பது முறையாகாது. நாங்கள் மூவரும் அன்று அதைத்தான் செய்தோம். அதன்பின் நான் பட்டறைகளுக்குச் சென்று, வண்டிகளின் அடியில் குனிந்து, கேட்டும் கண்டும் அறிந்துகொண்டவற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிடக் கூடுதல் தொலைவு ஓட வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் அசைவின்றிப் பூட்டிவிட்டால் ஒன்று சாலையில் தேய்ந்து இழுபடும். இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளித்துக்கொண்டே, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் பல்சக்கர அமைப்புக்கே டிஃபரன்ஷியல் என்று பெயர். பின்சக்கரங்களால் உந்தப்படும் பிக்கப், வேன், லாரி ஆகியவற்றின் அடியில் பார்த்தால், பின்னச்சின் நடுவே பானை வயிறுபோல் புடைத்த கூடு ஒன்று தெரியும். அதனுள்ளே பினியன் என்னும் சிறு பல்சக்கரம் கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பெரும்பாலான வண்டிகளில் பினியனின் நடுக்கோடு கிரவுனின் நடுக்கோட்டுக்குக் கீழே தாழ்ந்திருக்கும். ஹைப்பாய்டு எனப்படும் இவ்வமைப்பில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கியும் செல்கின்றன. அந்த அழுத்தத்தைச் சாதாரண எண்ணெய் தாங்காது. எண்ணெய்ப் படலம் கிழிந்து இரும்பு இரும்போடு உராயும். ஆதலால் கந்தகமும் பாஸ்பரசும் அடங்கிய சேர்மங்கள் கலந்த தனி எண்ணெய் ஊற்றப்படுகிறது. 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 என்று தகரத்தில் அச்சிட்டிருப்பவை அதன் பாகுநிலையைக் காட்டும் எண்கள். பட்டறையில் ஒருமுறை முகர்ந்தவர் மறக்க முடியாத அந்த நாற்றம் கந்தகத்தால் வந்ததே.

இந்த எண்ணெய் என்றென்றும் நிலைப்பதன்று. பாரம் ஏற்றி மேட்டு நிலத்தில் ஓடும் வண்டிக்கு அது விரைவில் கெடும். மழைக்காலத்தில் நீரில் இறங்கும் வண்டிக்கு மற்றொரு கேடும் உண்டு. ஓடிச் சூடேறிய கூடு திடீரென்று குளிர்ந்த நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்குகிறது. காற்றுப் போக்கி அடைபட்டோ நீருக்குள் மூழ்கியோ இருந்தால், அச்சின் ஓரங்களிலுள்ள சீல் வழியாகவோ அந்தப் போக்கியின் வழியாகவோ நீர் உள்ளே இழுக்கப்படும். அவ்வாறு நீர் புகுந்த எண்ணெய் பால்போல் வெளுத்துவிடும். வெள்ளத்தில் ஓட்டிய வண்டியின் பின்னச்சு எண்ணெயைப் பார்க்காமல் விட்டால், பின்னர்ப் பல்சக்கரங்களையே மாற்ற நேரிடும். கூலிக்குச் சரக்கேற்றி வாழ்பவனுக்கு அது பல மாத வருவாய்.

கூட்டில் இரண்டு மூடிகள் உள்ளன. அடியிலிருப்பது எண்ணெயை வடிப்பதற்கு. பட்டறையில் டிரெயின் பிளக் என்பர். பக்கவாட்டில் சற்று உயரத்தில் இருப்பது எண்ணெயை ஊற்றுவதற்கு. ஃபில்லர் பிளக் என்பர். நான் கீழ் மூடி, மேல் மூடி என்று சொல்வேன். மேல் மூடிக்கு இரண்டு வேலைகள். எண்ணெய் ஊற்றும் வழி அது; எண்ணெயின் அளவைக் காட்டும் குறியும் அதுவே. வண்டி சமதளத்தில் நிற்க, எண்ணெய் அந்தத் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு வழியத் தொடங்கினால் போதிய அளவு நிரம்பிற்று என்று பொருள்.

இனி அந்த மாணவனும் அவன் மாமனும் செய்த பிழையைக் கேளுங்கள். வண்டியை உயர்த்தினார்கள், கீழ் மூடியைத் திறந்தார்கள், கரிய எண்ணெய் முழுவதும் தட்டில் வடிந்தது. பிறகு மேல் மூடிக்குச் சென்றார்கள். அது அசையவில்லை. ஸ்பேனரை இன்னும் வலிந்து திருப்பினார்கள்; மூடியின் தலையிலிருந்த அறுகோண முனைகள் மழுங்கி, ஸ்பேனர் வழுக்கி, மாமனின் விரல் முட்டிகள் கிழிந்தன. இப்போது வண்டியில் எண்ணெய் இல்லை. எண்ணெய் ஊற்றும் வழியும் இல்லை. வேறொரு பட்டறைக்கு ஓட்டிச் செல்லவும் இயலாது. எண்ணெயின்றி ஓட்டினால் பல்சக்கரங்கள் அழியும். வண்டிக்காரரோ மறுநாள் காலை குலை ஏற்றப் போகவேண்டியவர். மாமன் தன் ஆத்திரத்தை மருமகன்மீது கொட்டினார். முறை தெரியாததற்கு வசவு வாங்கியவன் அம்முறையைத் தனக்குச் சொல்லித் தராதவரிடமே வாங்கினான். அவன் கட்டுரையின் நடுப்பகுதி இதுதான். மேல் மூடி திறக்கும் என்று உறுதியான பின்னரே கீழ் மூடியைத் தொடவேண்டும் என்பதை அவன் அன்று கற்றான்.

இவ்விதி எளியது; ஆனால் அதன் பின்னே ஒரு சிந்தனை இருக்கிறது. திரும்பி வரும் வழி உண்டா என்று பார்த்த பின்னரே திரும்ப முடியாத செயலைச் செய்யவேண்டும். மேல் மூடி திறக்காவிட்டாலும் பழைய எண்ணெய் உள்ளே இருக்கும், வண்டி ஓடும், நாளை மீண்டும் முயலலாம். கீழ் மூடி முதலில் திறந்துவிட்டாலோ அந்த நாளை என்பது இல்லை. தருக்கத்தைப் பாடநூலில் தேடும் நாம், பட்டறைத் தரையில் கிடந்த தருக்கத்தைத் தள்ளிவிட்டோம்.

அடுத்து, மூடி ஏன் இறுகுகிறது என்பதையும் எப்படித் தளர்த்துவது என்பதையும் பார்ப்போம். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பெருகுகிறது. மரைகளுக்கு இடையிலுள்ள மிகச் சிறிய இடைவெளியில் துரு வளர்ந்து, ஆப்பு அடித்ததுபோல் மூடியைப் பற்றிக்கொள்கிறது. அலுமினியக் கூட்டில் எஃகு மூடி இருந்தால், ஈரம் படும்போது இரு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு வெண்மையான படிவு மரையை அடைக்கும். சில மூடிகளின் மரை நுனியை நோக்கிக் குறுகிச் செல்வது; அதை இறுக்க இறுக்க ஆப்புப்போல் புதையும். இவை யாவற்றிலும் கொடியது மனிதன் செய்வது: முன்னர் மூடியவன் நீண்ட குழாயை ஸ்பேனரில் மாட்டித் தன் வலிமையெல்லாம் காட்டி இறுக்கிவிட்டுப் போயிருப்பான்.

காரணம் பலவாதலின் மருந்தும் பலவாகும். வலிமை அவற்றுள் ஒன்று, முதலாவது அன்று. முதலில் பாதுகாப்பு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தாமல் அடியில் புகக்கூடாது. ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி அடியில் படுத்து நீண்ட கம்பியை இழுப்பவன், வண்டியைத் தன்மேல் இழுத்துக்கொள்கிறவன் ஆவான்.

பிறகு கம்பித் தூரிகையால் மூடியைச் சுற்றியுள்ள சேற்றையும் துருவையும் நீக்கவேண்டும். சில மூடிகளுக்கு வெளியே நீட்டிய அறுகோணத் தலை உண்டு. சிலவற்றில் அறுகோணக் குழியோ சதுரக் குழியோ இருக்கும். குழியாயின் அதனுள் இறுகிய மண்ணைக் கூரிய கம்பியால் கிளறி எடுக்காவிட்டால் சாவி முழு ஆழத்துக்கு இறங்காது. பாதி இறங்கிய சாவியே குழியைச் சிதைக்கிறது. தலையாயின் அதன் ஆறு பக்கங்களையும் தழுவும் ஆறுமுனைச் சாக்கெட் வேண்டும். பன்னிருமுனைச் சாக்கெட் முனைகளை மட்டுமே பற்றுவதால் எளிதில் வழுக்கும்; வாய் திறந்த ஸ்பேனரும், அளவு மாற்றும் ஸ்பேனரும் இவ்வேலைக்கு ஆகா.

அடுத்தது பொறுமை. துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை மரையின் விளிம்பில் தெளித்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். சில மணி நேரம் கழித்து மீண்டும் தெளிக்கவேண்டும். இரவு முழுதும் ஊறவிடுவது இன்னும் நன்று. தெளித்த ஐந்தாம் நிமிடமே ஸ்பேனரை எடுப்பவன் எண்ணெயை வீணாக்குகிறான். பின்னர், மூடியின் தலைமீது சுத்தியலால் அளவாகச் சில அடிகள் நேராக அடிக்கவேண்டும். அதிர்வில் துருவின் பிடி முறியும். முறிந்த வழியே எண்ணெய் இறங்கும். வார்ப்பிரும்புக் கூட்டுக்கு இது பொருந்தும். அலுமினியக் கூட்டுக்கு மென்மை வேண்டும்.

திருப்பும்போது எடுத்தவுடன் தளர்த்த முயலாமல், மயிரிழை அளவு இறுக்கிப் பார்க்கவேண்டும். எத்திசையில் ஆயினும் முதல் அசைவே துருவை உடைக்கிறது. அசைந்ததும் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்பவேண்டும். அடியில் மல்லாந்து படுத்திருப்பவனுக்கு இடமும் வலமும் குழம்பும். தளர்த்துவதாக எண்ணி இறுக்கியவர்கள் பலர். மூடியின் முகம் தன்னை நோக்கியிருப்பதாகக் கருதி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பவேண்டும் என்பதை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கைப்பிடியின் நீளம் இரட்டித்தால் திருப்பு விசையும் இரட்டிக்கும். 20 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு, 30 செண்டிமீட்டர் கைப்பிடியில் தருவதைப்போல் இருமடங்கை 60 செண்டிமீட்டர் கைப்பிடியில் தரும். இந்நெம்புகோல் விதியை ஆரம்பப் பள்ளி அறிவியலிலேயே கற்பிக்கிறோம். ஆனால் அது வாழும் இடத்தைக் காட்டுவதில்லை.

இவற்றுக்கும் அசையாத மூடிக்குச் சூடு காட்டுவர். சூட்டை மூடிக்குக் காட்டாமல், மூடியைச் சூழ்ந்த கூட்டுக்குக் காட்டவேண்டும்; கூடு விரிந்தால்தான் பிடி தளரும். தெளித்த எண்ணெயைத் துடைக்காமல் நெருப்பைக் கொண்டு செல்வதும், எரிபொருள் தொட்டியும் பிரேக் குழாயும் அருகில் இருப்பதை மறப்பதும் உயிருக்கு உலை வைக்கும். ஆதலின் இது தேர்ந்தவர் மேற்பார்வையில் செய்யத்தக்கது. தலை முற்றும் மழுங்கிவிட்டால், அதன்மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைப்பர். புதிய தலை கிடைப்பதோடு, பற்றவைத்த சூடே துருவைத் தளர்த்தியும் விடும். அந்த மாணவனின் மாமன் மறுநாள் விடியற்காலையில் கண்ட வழி இதுவே. பற்றவைக்கும் முன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றவேண்டும் என்பதையும் அம்மாணவன் மறவாமல் எழுதியிருந்தான்.

திறந்தது போலவே மூடுவதற்கும் முறை உண்டு. மரையைத் துடைக்கவேண்டும், மூடியில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டிய இரும்புத் துகளை நீக்கவேண்டும். மாவுபோன்ற துகள் இயல்பான தேய்மானம். பல்லின் சில்லு கிடைத்தால் அது நோயின் அறிகுறி. வளையம் உள்ள மூடிக்குப் புதிய வளையம் இடவேண்டும். வண்டியின் கையேடு குறிக்கும் இறுக்கமே போதும். அதற்குமேல் ஒரு குழாயை மாட்டி இறுக்குவது, அடுத்துத் திறப்பவனுக்கு நாம் செய்யும் தீமை.

ஆசிரியப் பெருமக்களே, இதுவரை நான் எழுதியதில் உங்களுக்கு விளங்காதது எது? விளங்கியதாயின், தமிழால் இதைச் சொல்ல முடியும் என்பது மெய்ப்பட்டது. இனி அன்று நடுவர் கூறிய தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வேன்.

முதலாவது, இது கட்டுரைக்குத் தகுந்த உயர்ந்த பொருள் அன்று என்பது. உயர்வும் தாழ்வும் பொருளில் இருப்பின், புறநானூற்றின் 102ஆம் பாடலை நாம் என்ன செய்வது? அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடப் புகுந்த ஔவையார், அவனை எதற்கு ஒப்பிட்டார்? உப்பு வணிகர் மேடு பள்ளங்களில் என்ன நேருமோ என்று அஞ்சித் தம் வண்டியின் அடியில் கட்டிவைக்கும் மாற்றச்சுக்கு ஒப்பிட்டார். அரசர் அவையில் பாடிய புலவர், வண்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். அது ஏன் அங்கே கட்டப்பட்டது என்று அறிந்திருக்கிறார். அப்பாடலை நாம் வகுப்பில் உவமை நயம் என்று பாராட்டி விளக்குகிறோம். அதே வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, வண்டியின் அச்சில் நேற்று எனக்கு இன்னது நேர்ந்தது என்றால், உட்கார் என்கிறோம். ஔவையார் கண்ட அச்சு இலக்கியம். மாணவன் கண்ட அச்சு அழுக்கு. இந்த வேறுபாட்டுக்குக் காலப் பழமையைத் தவிர வேறு காரணம் இருந்தால் எனக்குக் காட்டுக.

இரண்டாவது, தமிழில் சொற்கள் இல்லை என்பது. மேலே நான் எழுதியதைத் திரும்பப் பாருங்கள். அச்சு, மரை, கூடு, துரு, ஆப்பு, வார்ப்பிரும்பு, நெம்புகோல், வளையம், முட்டு, தாங்கி, சில்லு, தேய்மானம், பற்றவைப்பு: இவையெல்லாம் தமிழன் கையில் தொன்றுதொட்டோ நெடுங்காலமாகவோ புழங்கிவரும் சொற்கள். ஸ்பேனர், சாக்கெட், பிளக் ஆகியவை புதியவை, உண்மைதான். ஆனால் சாவியும் சன்னலும் மேசையும் அலமாரியும் போர்த்துகீசியர் வழியே வந்தவை. அவற்றை வீடு நிறைய வைத்துக்கொண்டு, ஸ்பேனர் வாசலில் நிற்கும்போது மட்டும் கதவை அடைப்பது என்ன நேர்மை?

தனித்தமிழ் முயற்சியை நான் இகழ்கிறேன் அல்லேன். அதனால் நாம் பெற்ற நன்மை பெரிது. ஆயினும் சொல்லை ஆக்குபவர் பொருளைப் பார்த்திருக்க வேண்டும். கணிதத்தில் வகையீடு என்று ஒரு சொல் இருக்கிறது என்பதற்காக, அதையே தூக்கி வண்டியின் பின்னச்சில் மாட்டினால், கணக்காசிரியருக்கும் விளங்காது, பட்டறைக்காரருக்கும் விளங்காது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மாணவர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம் முதலிய துறை நூல்களைத் தமிழில் ஆக்கினார். பிறநாட்டார் ஒருவர் தமிழால் முடியும் என்று நம்பிச் செயற்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அவர் நோயாளியின் அருகில் நின்று சொல்லைத் தேடினார். நாம் அகராதியின் அருகில் மட்டும் நின்று தேடுகிறோம். அதுவும் தேடுவதற்கு முன்னரே இல்லை என்கிறோம்.

மூன்றாவது, இதனால் பயன் இல்லை என்பது. மலேசியாவில் தொழிற்கல்விப் பாடமும் தேர்வும் மலாய்மொழியில் நடக்கின்றன. சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழில் மூடியைத் திறக்கக் கற்று என்ன ஆவது என்பர். தமிழ் மட்டும் போதும் என்று நான் கூறவில்லை. தேர்வு எழுதும் மொழியில் மாணவன் தேர்ச்சி பெற்றே ஆகவேண்டும். ஆனால் ஏன் என்று கேட்கும் பழக்கத்தை எந்த மொழியில் பெறுவது? அந்தப் பட்டறையில் மாமனும் மருமகனும் பேசியது தமிழ். வைத வசவும் தமிழ். வசவுக்குத் தமிழ் போதுமானதாக இருக்கும்போது, விளக்கத்துக்கு மட்டும் எப்படிப் போதாமற் போகும்? விளக்கத்துக்குரிய தமிழை நாம் கற்பிக்கவில்லை. ஆகவே எஞ்சியது வசவுத் தமிழ். முப்பது ஆண்டுகள் வண்டிகளின் அடியில் படுத்து அறிந்தவற்றை ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் மறையும் முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் அறிவிலார் அல்லர். அந்த அறிவுக்கு உரைநடை தராதவர்கள் நாமே.

மின்வண்டிகள் வருகின்றன, இவ்வறிவெல்லாம் நாளை வேண்டாததாகும் என்றும் ஒருவர் என்னிடம் கூறினார். மின்வண்டிகளிலும் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்களும் டிஃபரன்ஷியலும் உண்டு. அவற்றுக்கும் எண்ணெய் உண்டு. வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தொலைவு ஓடவேண்டும் என்னும் கணக்கை மின்சாரம் மாற்றிவிடாது.

நான்காவது தடையை அன்று யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லார் நெஞ்சிலும் அதுவே இருந்தது. என் நெஞ்சிலும் இருந்தது. நம் முன்னோர் தோட்டங்களில் கைகள் காய்க்க உழைத்தார்கள். அவர்தம் பிள்ளைகளை மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆசிரியராகவும் ஆக்கவே தமிழ்ப்பள்ளிகள் பாடுபட்டன. அவ்வாறிருக்க, எண்ணெய்க் கறை படிந்த கட்டுரைக்கு மேடை தந்தால், பிள்ளைகளை மீண்டும் கறைக்கே அனுப்புவதாகாதா? இத்தடை அன்பில் பிறந்தது; ஆதலால் இதற்கு மதிப்போடு விடை கூறவேண்டும்.

அந்த மாணவன் எங்கள் தீர்ப்பால் பட்டறையை விட்டு நீங்கவில்லை; தமிழை விட்டு நீங்கினான். இதுவே என் விடை. அடுத்த ஆண்டுப் போட்டிக்கு அவன் எழுதவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவனைக் கண்டேன். தொழிற்சான்றிதழ் பெற்று, நல்ல வேலையில் இருந்தான். வண்டிகளைப் பற்றி இன்னும் எழுதுகிறாயா என்று கேட்டேன். வேலைக் குறிப்புகளை மலாயில் எழுதுவதாகக் கூறினான். தமிழில்? அதற்கு அவன், "அது கட்டுரைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டீர்களே ஐயா" என்றான். சினத்தோடு சொல்லவில்லை, பணிவோடுதான் சொன்னான். கையொப்பமிட்ட என் கைக்கு அப்பணிவு போதுமான தண்டனை.

நாம் கைத்தொழிலை இகழ்ந்தால் கைத்தொழிலாளர் குறையப்போவதில்லை. தமிழ் படிக்கும் கைத்தொழிலாளரே குறைவர். காரணகாரியத்தை வரிசைப்படுத்தி எட்டுப் பக்கம் எழுதத் தெரிந்த பிள்ளை பொறியாளனாகவும் ஆகலாம். பட்டறை முதலாளியாகவும் ஆகலாம். ஆனால் அவன் எழுதியது எழுத்தே அன்று என்று கேட்ட பிள்ளை, எதுவானாலும் தமிழுக்குத் திரும்பி வரமாட்டான். பிறரை உயர்த்த விரும்புவோர் அவர்கள் நிற்கும் இடத்தை முதலில் மதிக்கவேண்டும்.

என் வேண்டுகோள்கள் பெரியன அல்ல. மாணவர் கட்டுரைப் போட்டிகளில் மூன்று தலைப்புகள் கொடுத்தால், அவற்றுள் ஒன்று மாணவன் தன் கையால் செய்த வேலை ஒன்றை விளக்குவதாக இருக்கட்டும். சமையலாகட்டும், தையலாகட்டும், மீன் வலையாகட்டும், வண்டியாகட்டும். அதை மதிப்பிடும்போது அணிநயத்தை எண்ணாமல், படித்தவன் அவ்வேலையைச் செய்ய முடியுமா என்று பார்க்கட்டும். அத்தொழில் அறிந்தவர் ஒருவர் நடுவராக நம்மோடு அமரட்டும். அவர் கையில் கறை இருந்தால் நம் மேசை கெட்டுவிடாது. ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர்கள் தம் பெற்றோரின் தொழிற்சொற்களைக் கேட்டு ஓர் ஏட்டில் எழுதட்டும். மலாய்ச்சொல் கலந்திருந்தாலும் ஆங்கிலச்சொல் கலந்திருந்தாலும் கேட்டவாறே எழுதட்டும். திருத்துவது பிறகு, திரட்டுவது முதலில்.

அந்த மாணவன் கற்ற விதியை நாமும் கற்கவேண்டும். நாம் ஆண்டாண்டாகக் கீழ் மூடியைத் திறந்து வடித்துக்கொண்டே இருக்கிறோம்: அயற்சொல் என்று ஒருவனை, தாழ்ந்த பொருள் என்று ஒருவனை, பிழைத்தமிழ் என்று ஒருவனை. புதியவர் உள்ளே வரும் மேல் மூடி திறக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. அது துருப்பிடித்திருக்கிறது.

அடுத்த போட்டிக்குத் தலைப்புகள் வகுக்கும் கூட்டத்தில் இவ்வேண்டுகோள்களை முன்மொழியப் போகிறேன். மறுப்போர் மறுக்கட்டும். ஆனால் அதற்கு முன்னர், ஒரு நாள் மாலை தம் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, ஒரு வண்டியின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்து மறுக்கட்டும்.